பழைய காரைப் பிரித்துப் பார்த்தவர்

பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள்? மேல் பூச்சு மினுமினுக்கிறதா, மெத்தை கிழியாமல் இருக்கிறதா, ஹாரன் கணீரென்று ஒலிக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பவர்கள் சிலர். அந்த எஞ்சின் இதுவரை எத்தனை மைல் ஓடியது, இனி எத்தனை மைல் ஓடும், முன்பு வைத்திருந்தவர் அதற்கு வேளாவேளைக்கு எண்ணெய் மாற்றினாரா என்று விசாரிப்பவர்கள் மிக மிகச் சிலர்.

1903-ஆம் வருஷத்தில் இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டர் நகரில் ஒருவர் பழைய கார் ஒன்றை வாங்கினார். பிரெஞ்சு நாட்டில் செய்த வண்டி. பெயர் டெக்காவில். இரண்டு சிலிண்டர், பத்துக் குதிரைச் சக்தி. ரயிலில் வந்து இறங்கிய அந்த வண்டி, என்ன செய்தும் கிளம்பவில்லையாம். கடைசியில் ஆட்கள் அதைத் தெரு வழியே தள்ளிக்கொண்டு போய்ப் பட்டறையில் சேர்த்தார்கள் என்று சொல்வார்கள்.

வேறு யாராவது இருந்தால் விற்றவரைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். இவர் திட்டவில்லை. வண்டியை ஆணி ஆணியாகப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்து, இது ஏன் இப்படி இருக்கிறது, இதைவிட நன்றாக எப்படிச் செய்யலாம் என்று யோசித்தார். அந்த யோசனையில் பிறந்ததுதான் உலகம் முழுவதும் பேர் பெற்ற ரோல்ஸ் ராய்ஸ் கார்.

அவர் பெயர் ஹென்றி ராய்ஸ். எஞ்சின் என்றால் நீடித்து உழைக்க வேண்டும் என்பதையே வாழ்நாள் முழுவதும் தவமாகக் கொண்டவர். ஆனால் தம் உடம்பு என்ற எஞ்சினைக் கவனிக்க மறந்துவிட்டவரும் அவரேதான்.

மாவு மில் வீட்டுப் பிள்ளை

பிரெடரிக் ஹென்றி ராய்ஸ் 1863-ஆம் வருஷம் மார்ச் 27-ந் தேதி பிறந்தார். பீட்டர்பரோ நகருக்கு அருகிலுள்ள ஆல்வால்ட்டன் என்ற சிறு கிராமம் அவருடைய ஊர். ஐந்து குழந்தைகளில் கடைக்குட்டி. தகப்பனார் ஜேம்ஸ் ராய்ஸ் மாவு மில் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்தி வந்தார். தொழில் நொடித்துப் போயிற்று. பிழைப்புத் தேடி லண்டனுக்குப் போனார். அங்கும் நல்ல காலம் பிறக்கவில்லை. 1872-ல் அவர் காலமானார். அப்போது ஹென்றிக்கு வயது 9.

பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் அந்தப் பையன் ரயில்வே ஸ்டேஷன்களில் பத்திரிகை விற்றான். பிறகு தந்திப் பையனாகச் சேர்ந்து, லண்டனில் பணக்காரர்கள் வசிக்கும் தெருக்களில் வீடு வீடாகத் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தான். மொத்தத்தில் அவனுக்குக் கிடைத்த பள்ளிப் படிப்பு ஒரு வருஷத்துக்கு மேல் தேறாது.

உறவுக்காரப் பெண்மணி ஒருவர் அவன்மீது இரக்கம் கொண்டார். வருஷத்துக்கு 20 பவுன் கட்டி, 15-ஆவது வயதில் பீட்டர்பரோவிலிருந்த கிரேட் நார்தர்ன் ரயில்வே பட்டறையில் அவனைத் தொழில் பழகச் சேர்த்துவிட்டார். தங்கியிருந்த வீட்டுக்காரரும் ரயில்வே பட்டறைக்காரர். வீட்டுக்குப் பின்னால் அவர் ஒரு லேத் வைத்திருந்தார். பகலில் ரயில்வே பட்டறை, இரவில் வீட்டு லேத். இரும்பை அரத்தால் ராவி, இம்மியும் பிசகாமல் பொருத்தும் வித்தை அங்கேதான் அவன் கைக்கு வந்தது.

மூன்று வருஷம் சென்றது. அந்தப் பெண்மணியின் கையில் பணம் வற்றிவிட்டது. தொழில் பயிற்சி பாதியில் நின்றது. பையன் வேலை தேடி அலைந்தான். லீட்ஸ் நகரில் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றில் வாரம் 11 ஷில்லிங் கூலிக்குச் சேர்ந்தான். பிறகு லண்டனுக்கு வந்து மின்சார விளக்குக் கம்பெனி ஒன்றில் வேலை தேடிக்கொண்டான். மின்சாரம் அப்போது புதுசு. இரவு வகுப்புகளுக்குப் போய் அதைக் கற்றான். கம்பெனி அவனை லிவர்பூலுக்கு அனுப்பியது. தெருவுக்கும் நாடகக் கொட்டகைகளுக்கும் விளக்குப் போடும் வேலை. அந்தக் கம்பெனியும் மூடப்பட்டது.

இருபது பவுன் முதல்

1884-ல், 21 வயதில், ராய்ஸ் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். கையிலிருந்த சேமிப்பு 20 பவுன். நண்பர் எர்னஸ்ட் கிளேர்மான்ட் 50 பவுன் போட்டார். மான்செஸ்டரில் குக் தெருவில் ஒரு சிறு பட்டறை. வீடுகளுக்கு மின்சார மணியும் விளக்குச் சாமான்களும் செய்தார்கள். பட்டறைக்கு மேலேயே குடித்தனம்.

நாளடைவில் டைனமோ செய்தார்கள். மின்சாரத்தால் ஓடும் பாரந்தூக்கிகள் செய்தார்கள். ராய்ஸ் செய்த டைனமோ நெருப்புப் பொறி சிதறாமல் ஓடும். பல வருஷம் கவனிப்பாரில்லாமல் கிடந்தாலும் பழுதாகாது. பஞ்சு ஆலைகள் நிறைந்த அந்தப் பிரதேசத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லவும் வேண்டுமா? ஒரு பொறி விழுந்தால் ஆலையே சாம்பல்.

1893-ல் நண்பர்கள் இருவரும் அக்காளையும் தங்கையையும் மணந்துகொண்டார்கள். தொழில் வளர்ந்தது. ஆனால் ராய்ஸ் மாறவில்லை. விடிந்ததும் பட்டறைக்குப் போனால் இரவு எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. சாப்பாட்டு ஞாபகமே இராது. பட்டறைப் பையன் ஒருவன் பால் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் சுற்றுவானாம். வீட்டுக்கு வந்தாலும் ஓய்வு இல்லை. இருட்டிய பிறகு மின்சார விளக்குப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் ரோஜாச் செடிகளுக்குக் குழி வெட்டுவார்.

1900-ஐ ஒட்டிய வருஷங்களில் வியாபாரம் மந்தமாயிற்று. ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மலிவுச் சரக்கு வந்து குவிந்தது. மலிவாகச் செய்து போட்டியிடலாம் என்று மற்றவர்கள் யோசனை சொன்னார்கள். ராய்ஸ் சம்மதிக்கவில்லை. கவலையும் உழைப்பும் சேர்ந்து 1902-ல் அவரைப் படுக்கையில் தள்ளின. டாக்டர் கட்டாய ஓய்வு விதித்தார். மனைவியின் உறவினர்கள் தென்னாப்பிரிக்காவில் இருந்தார்கள். கப்பல் பிரயாணமாக அங்கே போய் வந்தார்.

திரும்பி வந்ததும் செய்த முதல் காரியம் அந்தப் பழைய டெக்காவில் காரை வாங்கியதுதான்.

கெட்ட காரா, நல்ல காரா?

டெக்காவில் மட்டமான வண்டி என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்தில் அது நல்ல பெயர் வாங்கிய வண்டிதான். ஆனால் அந்தக் காலத்துக் கார் என்றால் எப்படி இருக்கும்? காலையில் கிளம்பினால் மாலையில் வீடு திரும்புவது நிச்சயமில்லை. தடதடவென்று அதிரும். வழியில் நின்றால், இறங்கிப் பழுது பார்க்கத் தெரிந்த டிரைவர் கூட இருக்க வேண்டும். கார் என்றால் அப்படித்தான் என்று ஜனங்களும் பழகிப் போயிருந்தார்கள்.

மின்சாரத் தொழிலில் தேர்ந்த ராய்ஸுக்கு இது பொறுக்கவில்லை. எஞ்சின் கிளம்ப மறுப்பதற்கு முக்கியக் காரணம் நெருப்புப் பொறி சரியாக விழாததுதான் என்று கண்டார். பற்றவைக்கும் மின்சார அமைப்பைத் தாமே புதிதாகச் செய்தார். பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலக்காவிட்டால் எஞ்சின் இருமும். ஆகவே கார்புரேட்டரைத் தாமே வடிவமைத்தார். சத்தம் என்பது எங்கோ ஓர் உறுப்பு இன்னோர் உறுப்பின்மீது மோதித் தேய்வதன் அடையாளம் என்பது அவருடைய தீர்மானம். ஆகவே பல்சக்கரங்களையும் பேரிங்குகளையும் இடைவெளி பிசகாமல் பொருத்தினார்.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார் என்று ராய்ஸைப் பற்றிச் சொல்ல முடியாது. இருப்பதை எடுத்து, அதிலுள்ள குறையை ஒவ்வொன்றாக நீக்குவதில்தான் அவருடைய மேதை இருந்தது.

டெக்காவிலைச் செப்பனிடுவதோடு அவர் நிறுத்தவில்லை. மூன்று கார்கள் சொந்தமாகச் செய்வதென்று முடிவு கட்டினார். கூட்டாளி கிளேர்மான்டுக்கு வயிற்றில் புளி கரைத்தது. வியாபாரம் படுத்திருக்கும் நேரத்தில் இது என்ன விபரீத ஆசை? ஆனால் ராய்ஸ் பிடித்த பிடியை விடவில்லை. இரண்டு பயிற்சிப் பையன்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு இரவு பகலாக வேலை செய்தார்.

1904-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி முதல் கார் வெளியே வந்தது. பட்டறைக்காரர்கள் சுத்தியலால் தட்டி ஆரவாரம் செய்தார்களாம். ராய்ஸ் அதை ஓட்டிக்கொண்டு 15 மைல் தூரத்திலிருந்த தம் வீட்டுக்குப் போனார். வழியில் அது நிற்கவில்லை.

ஓட்டலில் நடந்த சந்திப்பு

அப்போது லண்டனில் சார்லஸ் ரோல்ஸ் என்ற வாலிபர் வெளிநாட்டுக் கார்களைத் தருவித்து விற்று வந்தார். பிரபு வீட்டுப் பிள்ளை. கேம்பிரிட்ஜில் எஞ்சினீயரிங் படித்தவர். இங்கிலாந்தில் செய்த நல்ல கார் ஒன்றுகூட விற்கக் கிடைக்கவில்லையே என்பது அவருடைய குறை. இருவருக்கும் பொதுவான நண்பர் ஒருவர் ஏற்பாடு செய்ய, 1904-ஆம் வருஷம் மே 4-ந் தேதி மான்செஸ்டரில் மிட்லண்ட் ஓட்டலில் இருவரும் சந்தித்தார்கள்.

ஒருவர் தந்தி சுமந்து வளர்ந்தவர். மற்றவர் அப்படிப்பட்ட தந்திகள் வந்து சேரும் வீட்டில் பிறந்தவர். இருவரையும் சேர்த்தது எஞ்சின். இரண்டு சிலிண்டர் கார் என்றாலே ரோல்ஸுக்குப் பிடிக்காது. ஆனால் ராய்ஸின் காரில் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றியதும் அவர் மனம் மாறிவிட்டது. ராய்ஸ் செய்யும் கார்கள் முழுவதையும் தாமே விற்பதாக ஏற்றுக்கொண்டார். டிசம்பர் 23-ந் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1906-ல் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி பிறந்தது. அதே வருஷம் மான் தீவில் நடந்த டூரிஸ்ட் டிராபி பந்தயத்தில் ராய்ஸ் செய்த 20 குதிரைச் சக்தி காரை ரோல்ஸே ஓட்டி ஜயித்தார்.

முறிந்த தண்டு

வெற்றி வந்தாலும் ஒரு சங்கடம் கூடவே வந்தது. ஆறு சிலிண்டர் கார்கள் அப்போது புதிதாக வரத் தொடங்கியிருந்தன. ராய்ஸ் செய்த முதல் ஆறு சிலிண்டர் காரில் கிராங்க் ஷாஃப்ட் என்னும் எஞ்சினின் முதுகெலும்புத் தண்டு சில வண்டிகளில் முறிந்துவிட்டது. ஆறு பிஸ்டன்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளும்போது, ஈரத் துணியைப் பிழிவதுபோல் அந்த நீளத் தண்டு முறுக்கிக்கொள்கிறது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் அந்த முறுக்கு அளவு மீறிப் போகிறது.

ராய்ஸ் சளைக்கவில்லை. 1906-ல் காட்சிக்கு வந்த 40/50 குதிரைச் சக்தி என்ற அடுத்த காருக்கு எஞ்சினையே புதிதாக அமைத்தார். தண்டு முன்னைவிடத் தடித்தது. ஏழு பேரிங்குகள் அதைத் தாங்கின. ஆறு சிலிண்டர்களையும் மூன்று மூன்றாக இரண்டு தொகுதிகளாக்கினார். எல்லாவற்றையும்விட முக்கியம் எண்ணெய் போகும் வழி. தண்டைக் குடைந்து அதற்குள்ளேயே பாதை அமைத்து, பம்பு மூலம் அழுத்தத்தோடு எண்ணெய் ஒவ்வொரு பேரிங்குக்கும் போய்ச் சேரும்படி செய்தார். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் எண்ணெய் சொட்டிச் சொட்டித்தான் விழும். தெறித்த இடத்தில் பட்டால் உண்டு, படாவிட்டால் இல்லை.

இரும்பும் இரும்பும் நேராக உரசாமல் நடுவே எண்ணெய்ப் படலம் ஒன்று எப்போதும் இருக்குமானால் தேய்மானம் ஏது? எஞ்சினின் ஆயுள் ரகசியம் இவ்வளவுதான். இன்றுவரை அது மாறவில்லை.

இரண்டு பவுன், இரண்டு ஷில்லிங், ஏழு பென்ஸ்

செய்தவர் தம் சரக்கைப் புகழலாம். ஊர் நம்ப வேண்டுமே! கம்பெனியின் நிர்வாகி கிளாட் ஜான்சன் ஒரு யுக்தி செய்தார். 1907-ல் ஒரு 40/50 காரை எடுத்து வெள்ளி நிறம் பூசி, வெள்ளி முலாம் பூசிய சாமான்களைப் பொருத்தி, அதற்கு வெள்ளி ஆவி என்று பொருள்படும் சில்வர் கோஸ்ட் என்ற பெயரைச் சூட்டினார். பிறகு அதை ராயல் ஆட்டமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் 15,000 மைல் ஓட்டிக் காட்ட ஏற்பாடு செய்தார்.

ஸ்காட்லாந்து மலைப் பாதைகளில் பரீட்சை தொடங்கியது. 629 மைல் ஓடியதும் வண்டி நின்றுவிட்டது. என்னவென்று பார்த்தால், அதிர்ச்சியில் பெட்ரோல் குழாய்த் திருகு தானாக மூடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷத்தில் அதைத் திறந்துவிட்டுக் கிளம்பினார்கள். அதற்குப் பிறகு லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே இரவும் பகலும் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு. 14,371 மைல் வரை எஞ்சின் கோளாறால் அது ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஓடியது பெரிதல்ல. ஓடி முடித்த பிறகு செய்த காரியம்தான் பெரிது. கிளப்பின் நிபுணர்கள் வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பையும் அளந்து பார்த்தார்கள். எஞ்சினின் முக்கிய உறுப்புகளில் அளந்து சொல்லும்படியான தேய்மானமே இல்லை. ஸ்டியரிங்கின் சில முளைகள், விசிறிப் பட்டை போன்ற சில்லறைச் சாமான்களை மாற்றினால் வண்டி புதுசுபோல் ஆகிவிடும் என்று சொன்னார்கள். அவற்றின் விலை 2 பவுன் 2 ஷில்லிங் 7 பென்ஸ்! தேய்ந்த டயர்களுக்கு ஆன செலவு அதைப்போல் பல மடங்கு.

அந்த வெள்ளிக் காரின் கதை அதோடு முடியவில்லை. 1908-ல் கம்பெனி அதைத் தனி மனிதர் ஒருவருக்கு விற்றது. அதாவது, 15,000 மைலுக்கு மேல் ஓடிய பழைய காரை அவர் வாங்கினார். ஏமாந்துபோனாரா? 40 வருஷம் அவரிடம் அது உழைத்தது. 1948-ல் கம்பெனி அதைத் திரும்பப் பெற்றபோது ஐந்து லட்சம் மைலுக்கு மேல் ஓடியிருந்ததாகக் கணக்கு.

பழைய கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியது

வேகமாகப் போகும் ஸ்போர்ட்ஸ் காரைப் பழைய விலைக்கு வாங்க ஆசைப்படும் வாலிபர்கள் ராய்ஸின் முறையை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மைல் மீட்டரின் எண் குறைவாக இருந்தால் எஞ்சின் நல்ல எஞ்சின் என்று அர்த்தமில்லை. எண்ணெய் மாற்றாமல் 20,000 மைல் ஓடிய எஞ்சினைவிட, தவறாமல் மாற்றி லட்சம் மைல் ஓடிய எஞ்சின் மேல். ஆகவே வண்டியின் பழுது பார்த்த ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

விற்பவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகிக்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போதுதான் அதன் உண்மைச் சுபாவம் தெரியும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையங்களோ வால்வுப் பகுதியோ தேய்ந்திருக்கலாம். சூடான பிறகு எண்ணெய் அழுத்தம் படுத்துவிட்டால் பேரிங்குகள் தளர்ந்திருக்கலாம். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலக்கிறது. சிலிண்டர் ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் மெக்கானிக்கைக் கொண்டு அளந்து பார்ப்பது பெரிய செலவல்ல. எல்லா சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும்.

வாங்கிய பிறகும் கடமை தீரவில்லை. கிளம்பியவுடன் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி உறும விடுவது எஞ்சினுக்குச் செய்யும் துரோகம். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும். அது இளகி எல்லா இடத்துக்கும் போய்ச் சேர அவகாசம் வேண்டும். வேகத்துக்கென்றே செய்த எஞ்சினில் எல்லா உறுப்புகளும் அதிகச் சூட்டிலும் அதிகச் சுற்றிலும் வேலை செய்கின்றன. சாதாரணக் கார் பொறுத்துக்கொள்ளும் அலட்சியத்தை அது பொறுத்துக்கொள்ளாது.

டாக்டர் வைத்த கெடு

1908-ல் டெர்பி நகரில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1910-ஆம் வருஷம் ஜூலை 12-ந் தேதி ரோல்ஸ் ஆகாய விமான விபத்தில் மாண்டார். வயது 32. 1911-ல் ராய்ஸின் கார் ஒன்று லண்டனிலிருந்து எடின்பரோ வரை டாப் கியரை மாற்றாமலே போய் வந்து, பிறகு புரூக்லண்ட்ஸ் ஓட்டப் பாதையில் மணிக்கு 78 மைல் வேகம் காட்டியது. நம் நாட்டு மகாராஜாக்கள் பலர் அவருடைய கார்களை ஆசையோடு வாங்கினார்கள்.

ஆனால் கார்கள் ஓடிக்கொண்டிருக்க, அவற்றைச் செய்தவர் நின்றுவிட்டார். வருஷக் கணக்கில் பட்டினி கிடந்த வயிறு பழி வாங்கியது. பெரிய ஆபரேஷன் நடந்தது. சில மாதங்களே உயிரோடிருப்பார் என்று டாக்டர்கள் கை விரித்தார்கள்.

பேரிங் சூடேறிப் புகையும்வரை எண்ணெய் விடாத டிரைவரை ராய்ஸ் மன்னிக்கவே மாட்டார். தம் உடம்புக்கு அவர் செய்தது அதே தவறுதான்.

கிளாட் ஜான்சன் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஐரோப்பா வழியாக எகிப்து வரை அழைத்துப் போனார். திரும்பும்போது பிரான்ஸின் தென்கோடிக் கடற்கரையில் லெ கனடல் என்ற ஊர் ராய்ஸுக்குப் பிடித்துப் போயிற்று. அங்கே ஒரு வீடு கட்டினார்கள். குளிர் காலத்தில் அங்கே, கோடையில் இங்கிலாந்தின் தென் கடற்கரையில் என்று வாசம். மனைவியோடு சேர்ந்து வாழ்வது நின்றது. எத்தெல் ஆபின் என்ற நர்ஸ் அவரைக் கவனித்துக்கொண்டார். என்ன சாப்பிட வேண்டும், எப்போது தூங்க வேண்டும், எத்தனை மணி வேலை செய்யலாம் என்பதெல்லாம் அந்த அம்மாளின் சட்டம். ராய்ஸ் எஞ்சினுக்குக் காட்டிய கண்டிப்பை அவர் ராய்ஸுக்குக் காட்டினார்.

பலன் என்ன தெரியுமா? மாதக் கணக்கில் கெடு வைத்த அந்த மனிதர் அதற்குப் பிறகு 20 வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். பராமரிப்பு என்பதன் அருமைக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆகாயத்திலும் அதே முறை

டெர்பி தொழிற்சாலைக்கு ராய்ஸ் திரும்பக் குடி போகவே இல்லை. எஞ்சினீயர்கள் வரைபடங்களைச் சுமந்துகொண்டு அவர் வீட்டுக்கு வந்தார்கள். கடிதத்திலேயே வேலை நடந்தது. முதல் உலக யுத்தம் மூண்டபோது ஈகிள் என்ற 12 சிலிண்டர் விமான எஞ்சினை அமைத்தார். 1919-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஆல்காக், பிரௌன் என்ற இருவர் அட்லாண்டிக் சமுத்திரத்தை விமானத்தில் நிற்காமல் கடந்தார்கள். உலகில் அதற்கு முன் யாரும் செய்யாத காரியம். அவர்களைச் சுமந்து சென்றவை இரண்டு ஈகிள் எஞ்சின்கள். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் தள்ளிக்கொண்டு போக அங்கே தெரு ஏது?

1928-ல் ஷ்னைடர் கோப்பை விமானப் பந்தயத்துக்காகப் புது எஞ்சின் ஒன்று கேட்டார்கள். வெஸ்ட் விட்டரிங் கடற்கரையில் உலாவிக்கொண்டே ராய்ஸ் கைத்தடியால் மணலில் அதன் உருவத்தைக் கீறிக் காட்டினார் என்று சொல்வார்கள். ஆர் என்று பெயர் பெற்ற அந்த எஞ்சினைப் பரீட்சித்த விதம் விசித்திரமானது. முழு வேகத்தில் ஓட விடுவார்கள். ஏதாவது ஒன்று உடையும். உடைந்ததை எடுத்துப் பார்த்து, அதைவிட உறுதியாகச் செய்து பொருத்தி மறுபடி ஓட்டுவார்கள். இன்னொன்று உடையும். மறுபடி அதே வேலை. முழு வேகத்தில் ஒரு மணி நேரம் உடையாமல் ஓடிய பிறகுதான் விட்டார்கள். பழைய டெக்காவிலைப் பிரித்துப் பார்த்த அதே முறைதான் இது.

1929-லும் 1931-லும் கோப்பை இங்கிலாந்துக்கே கிடைத்தது. 1931 செப்டம்பரில் அந்த எஞ்சின் பூட்டிய விமானம் மணிக்கு 407 மைல் வேகத்தைத் தாண்டிப் பறந்து உலக சாதனை படைத்தது. 1930-ல் அரசாங்கம் அவருக்கு பாரனெட் பட்டம் அளித்தது. தந்திப் பையன் ஸர் ஹென்றி ராய்ஸ் ஆனார்.

கடைசி வரைபடம்

1931-ல் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி, நொடித்துப்போன பென்ட்லி கம்பெனியை விலைக்கு வாங்கியது. பந்தயங்களில் பேர் பெற்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் அவை. அவற்றைத் தோற்றுவித்த பென்ட்லியும் கிரேட் நார்தர்ன் ரயில்வே பட்டறையில் தொழில் பழகியவர் என்பது ஒரு பொருத்தம். புதுக் கம்பெனியின் கைவண்ணத்தில் வந்த பென்ட்லி, சத்தம் போடாத ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் வாங்கியது. அது 1933-ல் வெளிவந்தபோது ராய்ஸ் உயிரோடு இல்லை.

1933-ஆம் வருஷம் ஏப்ரல் 22-ந் தேதி, 70-ஆவது வயதில், வெஸ்ட் விட்டரிங் வீட்டில் அவர் காலமானார். அதற்கு முன்தினம் படுக்கையில் இருந்தபடியே ஓர் உறையின் பின்புறத்தில் காரின் அதிர்ச்சி தாங்கும் கருவிக்கு ஒரு புது அமைப்பை வரைந்து, அதை டெர்பிக்குச் சேர்ப்பிக்கச் சொன்னாராம். அது போய்ச் சேரும்முன் அவர் உயிர் பிரிந்தது. அவருடைய அஸ்தி இப்போது பிறந்த ஊரான ஆல்வால்ட்டன் மாதா கோவிலில் இருக்கிறது. அவருடைய கடைசிக் காலத்தில் வேலை தொடங்கிய மெர்லின் விமான எஞ்சின் அவர் இறந்து ஆறு மாதம் கழித்து முதல் முறையாக ஓடியது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஸ்பிட்பயர் விமானங்களை ஓட்டியது அதுவே.

எந்த யந்திரமும் வயதால் சாவதில்லை, கவனிப்பாரற்றுத்தான் சாகிறது என்பதை ராய்ஸ் தம் எஞ்சின்களால் காட்டினார். மனிதனுக்கும் அது பொருந்தும் என்பதைத் தம் உடம்பால் காட்டினார். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. நாம் வாங்குவது இரும்பை மட்டுமல்ல. முன்பு வைத்திருந்தவரின் பழக்க வழக்கங்களையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். அவை நல்லவையாக இருந்தால் பழைய எஞ்சினும் பல காலம் உழைக்கும். நாமும் அப்படியே கவனித்து வந்தால், நமக்குப் பின் வாங்குகிறவருக்கும் உழைக்கும்.